புதிய ஓட்டுநரின் கண்

மயிலாப்பூர் மாட வீதிகளில் மாலை வேளையில் கார் ஓட்டிச் செல்வது எளிதன்று. நின்றிருக்கும் ஆட்டோவின் பின்னிருந்து சிறுவன் ஒருவன் திடீரென ஓடி வருவான். பழகிய ஓட்டுநர், ஆட்டோவைக் கண்டபோதே அதன் பின்னால் யாரேனும் இருக்கக்கூடும் என்று எண்ணி வேகத்தைத் தணிப்பார். புதியவரோ சிறுவனைக் கண்ட பின்னரே பிரேக்கை மிதிப்பார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடந்துவிடும். அந்த ஒரு நொடியில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

புதியவரின் கண் கூர்மையற்றதோ எனின், அன்று. பெரும்பாலும் இளைஞராதலின் அவர் கண்ணே கூரியது. ஆயினும் எங்கே நோக்குவது என்பதை அது இன்னும் கற்கவில்லை. கியரிலும் கிளட்சிலும் கருத்துச் சென்றுவிடுவதால், பார்வை காரின் முன்னே சில அடித் தொலைவிலேயே நின்றுவிடுகிறது. பக்கக் கண்ணாடியை நோக்க மறக்கிறது. தனியே ஓட்டத் தொடங்கிய முதற்சில திங்களிலேயே விபத்துகள் மிகுதி என்றும், பின்னர் அவை விரைந்து குறைகின்றன என்றும் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் நாட்டில் பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குச் செல்லலாம். அதற்குள் கையும் காலும் பழகிவிடும். கண் பழகுவதற்கு அந்நாட்கள் போதா. ஆகவே, உரிமம் கைக்கு வந்த பின்னரும் தேர்ந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, அடையாற்றின் அமைதியான தெருக்களில் காலை வேளையில் ஓட்டிப் பழகுதல் நன்று. இரவும் மழையும் பின்னர் வரட்டும். தியாகராய நகர் உஸ்மான் சாலையின் தீபாவளிக் கூட்டம் எல்லாவற்றிற்கும் இறுதியில் வரட்டும்.