பிக்அப் ஏன் தூக்கிப் போடுகிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பின் பிளாக் சாலைகளில் அலுங்காமல் ஓடும் பிக்அப், ஆர்ச் கேட்டைத் தாண்டி மண் பாதையில் இறங்கியதும் ஆளைத் தூக்கிப் போடும். தாழ்ந்திருந்த முன்பக்கத்தை ஸ்பேசர் வைத்து உயர்த்தி, பின்பக்கத்தோடு ‘லெவல்’ செய்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். உடனே புது ஸ்பிரிங் விலை விசாரிக்கிறோம். கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

ஸ்பிரிங்கின் கணக்கு எளிது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, பாரம் ஏற ஏற அதே விகிதத்தில் அது அமுங்கும். வண்டி எவ்வளவு வேகமாக ஆடும் என்பதை இந்த அமுக்கம் தீர்மானிக்கிறது. 10 செ.மீ. அமுங்கினால் நொடிக்குச் சுமார் 1.6 ஆட்டம், உடம்பு தாங்கும். காலி வண்டியின் பின் ஸ்பிரிங் பிளேட்டுகள் 4 செ.மீ. மட்டுமே அமுங்கினால் ஆட்டம் 2.5 ஆகிவிடும். பண்ருட்டியில் பலாவை ஏற்றியதும் அதே வண்டி சாதுவாகிவிடுவது இதனால்தான். பாரம் தாங்கட்டும் என்று கூடுதல் பிளேட் கட்டினால், காலியாகத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிடும்.

ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் திணறிப் பாயும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறும். குண்டும் குழியுமான பாதையில் ஓடி நின்றதும் அதன் குழாய் சுடுவது அதனால்தான். சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் படியும். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையில் பதியாமல் துள்ளுகிறதோ என்று சந்தேகப்படலாம்.

நெய்வேலிப் பக்கம் புழுதியும் லேசுப்பட்டதல்ல. சுரங்கத்தில் பக்கெட் சக்கர இயந்திரங்களின் இரும்புப் பற்களையே தேய்த்த கடலூர் மணற்கல் இந்த மண்ணில் இருக்கிறது. அந்தத் துகள் புஷ்ஷிலும் பிளேட்டுகளின் இடுக்கிலும் புகுந்தால் அரம் போல ராவும். துருவேறிய பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் இறுகிக்கொண்டால், சின்னக் கல்லின் அதிர்ச்சிகூட நேராக இருக்கைக்கு வந்துவிடும்.

லெவல் செய்த வண்டியில் இன்னொரு சிக்கல். ஷாக்கின் தலைப்பில் வைக்கும் ஸ்பேசர் ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது; முன் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் கோணத்தை மாற்றும். அவை கீழ்நோக்கிச் சரிவதால் பால் ஜாயிண்ட் தன் எல்லைக்கருகே வேலை செய்யும். ஆர்ம் புஷ்களின் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இதற்குப் பட்டறையில் ஒரு வைத்தியம் உண்டு: ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது மறுபடி முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் பழைய கதைதான்.

வண்டியைக் குறை சொல்ல முடியாத இடமும் உண்டு. மண் பாதையில் வரிவரியாக எழும் மேடுகளை டாபர்லே, மோரிஸ், மெக்எல்வெய்ன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். ஸ்பிரிங் இல்லாத சக்கரம் மணலில் உருண்டாலும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அலைகள் உருவாகிவிடுகின்றன. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

எனவே, முதலில் டயர் காற்று. பிறகு ஷாக் கசிவு, புஷ், ஷாக்கிள், பிளேட் விரிசல், பால் ஜாயிண்ட். கடைசியில் வீல் அலைன்மென்ட். பிளேட்டைக் கழற்றினால் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். உயரத்தை மாற்றும் முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல மாற்றுவதை அது தடுக்கிறது. இத்தனைக்குப் பிறகும் தூக்கிப் போட்டால், ஸ்பிரிங் வாங்கக் கிளம்பலாம்.