எல்லாருக்கும் 21ஆம் நாள் சரிவருமா?

"டீச்சர், எனக்கு முட்டையே வரவில்லையாம். இந்தத் தாளில் அப்படித்தான் இருக்கிறதாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்பு என்னிடம் படித்த பெண் ஒருத்தி வாசலில் நின்று கண் கலங்கினாள். திருமணமாகி மூன்று ஆண்டுகள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். மாமியார் நேராக ஒன்றும் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை மட்டும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருப்பாராம். அந்தத் தாள் வீட்டுக்கு வந்த பிறகோ, 'வேறு வழி பார்க்க வேண்டியதுதான்' என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தேன். 'புரோஜெஸ்திரோன் - 2' என்றிருந்தது. நான் டாக்டர் அல்ல. ஆனால் இதே பரிசோதனையை ஒரு காலத்தில் நானும் செய்துகொண்டவள். கணக்குப் பாடம் நடத்துபவளும்கூட. ஆகவே இரண்டு கேள்விகள் கேட்டேன்.

"இரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள்?"

"21ஆம் நாள், டீச்சர்."

"உனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும்?"

"எப்போதும் 35 நாள் ஆகும்."

விஷயம் அங்கேதான் இருந்தது!

சகோதரிகளே, இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பெண்ணின் சினைப்பையிலிருந்து வழக்கமாக மாதம் ஒரு முட்டை வெளியேறுகிறது. அது வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறமுள்ள சிறு திரள் ஒன்று உருவாகிறது. அதுதான் புரோஜெஸ்திரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு வந்து தங்குவதற்குக் கருப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்துவது இந்த ஹார்மோனின் வேலை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் என்னும் இருவர் 1929ஆம் ஆண்டில் முயல்களைக் கொண்டு ஆராய்ந்து இதை நிலைநாட்டினார்கள்.

முட்டை வெளியேறி ஏறக்குறைய 7 நாள் கழித்து இந்த ஹார்மோன் உச்சத்தை எட்டும். அதற்கும் ஏறக்குறைய 7 நாள் கழித்து அடுத்த மாதவிலக்கு வரும். ஆகவே அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னதாக இரத்தம் எடுப்பதே சரி. 28 நாள் சுற்றுள்ளவருக்கு 28இல் 7 போனால் 21. '21ஆம் நாள்' என்ற பெயர் வந்த கதை இதுதான். 35 நாள் சுற்றுள்ளவருக்கோ 35இல் 7 போனால் 28! இவளுக்கு 21ஆம் நாள் என்பது முட்டை வெளியேறும் சமயம். மாமரம் பூத்த அன்றே காய் எங்கே என்று தேடினால் கிடைக்குமா?

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் லிட்டருக்கு எத்தனை நேனோமோல் என்று குறிப்பார்கள். 30க்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியது உறுதி என்று டாக்டர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் மில்லிலிட்டருக்கு எத்தனை நேனோகிராம் என்று குறிப்பதுண்டு. அந்த அளவில் 10 என்பது இந்த அளவில் ஏறக்குறைய 32. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. மேலும் இந்த ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பது; ஒரே நாளில் காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் இருக்கலாம். எனவே ஒரு தாள் ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு ஆகிவிடாது.

பரிசோதனைக்குப் போகும் சகோதரிகள் இவற்றை நினைவில் வையுங்கள்:

இரத்தப்போக்கு தொடங்கும் நாளே 1ஆம் நாள். மூன்று மாதமாவது அந்தத் தேதிகளை நாள்காட்டியில் வட்டமிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்தம் எடுத்த பின் அடுத்த மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்திருந்தால் சரியான நாளில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள்.

சுற்று ஒழுங்காக இல்லாதவர்களுக்கு வாரம் ஒருமுறை என்று சிலமுறை எடுக்க நேரலாம். மாதக்கணக்கில் மாதவிலக்கே வரவில்லை என்றால் அதற்குரிய காரணத்தை டாக்டர்தான் கண்டறிய வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பரிசோதனை முட்டை வெளியேறியதா என்பதை மட்டுமே சொல்லும். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சொல்லாது. கணவரின் விந்தணு எப்படி என்றும் சொல்லாது. ஓராண்டு முயன்றும் பிள்ளை தங்காவிட்டால் கணவன், மனைவி இருவருமே டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே பார்க்க வேண்டும். அரசாங்க சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம்.

அந்தப் பெண் அடுத்த மாதம் 28ஆம் நாள் மீண்டும் இரத்தம் கொடுத்தாள். இம்முறை 38! டாக்டர் கணவரையும் பரிசோதனைக்கு அழைத்தார். முதலில் கூச்சப்பட்டவர், பிறகு லீவு போட்டுவிட்டுப் போனார். அவருக்குத்தான் இப்போது சிகிச்சை நடக்கிறது.

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் 'வேறு வழி' என்ற பேச்சு அந்த வீட்டில் நின்றுவிட்டது. போன வாரம் கிளினிக்குக்குப் புறப்பட்ட இருவருக்கும் மாமியாரே சாப்பாடு கட்டிக் கொடுத்தாராம்.

தாளில் உள்ள எண்ணைப் படிக்குமுன் தேதியைப் படியுங்கள். யாரையும் குறை சொல்லுமுன் இருவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.