‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா?

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல், நம் ‘காசு’ போலவே ஒலிக்கிறது. ஆகவே, அது தமிழிலிருந்து சென்றது என்று பலரும் கூறுவர். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், அது பாதி உண்மையே.

ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உள்ளன. எழுத்தும் ஒலியும் ஒன்று; பிறப்பிடம் வேறு. இன்று கடைகளில் நாம் கேட்கும் சொல், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்த அது, பணப்பெட்டியையும் பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி மறைந்தது. பணம் மட்டும் நிலைத்தது.

மற்றொரு ‘கேஷ்’தான் நம் காசு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘காசு’ என்ற சொல் நாணயத்தைக் குறிக்கிறது. கடல் கடந்து வணிகம் செய்ய வந்த போர்ச்சுகீசியர் அச்சொல்லைத் தங்கள் நாவுக்கேற்ப மாற்றி வழங்கினர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப்படி, 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே அழைத்தனர். தமிழ்ச் சொல் ஒன்று சீன நாணயத்திற்குப் பெயரானது வியப்புத்தானே!

இதற்குக் கடலுக்கடியிலும் சான்று உண்டு. 1809ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அருகே மூழ்கியது. அதில் டன் கணக்கில் செப்புக் காசுகள் இருந்தன. 1980களில் முக்குளிப்பாளர்கள் அவற்றை வெளியே எடுத்தனர். ‘10 கேஷ்’, ‘20 கேஷ்’ என்ற மதிப்பும் 1808 என்ற ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு கொண்டாட முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உள்ளது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டௌன்டவுன் ரயில் பாதையில் சென்றால், அடுத்த நிலையம் ‘கேஷ்யூ’. ‘கேஷ்’ என்று தொடங்கினாலும், அப்பெயருக்கும் காசுக்கும் தொடர்பில்லை. முந்திரியைக் குறிக்கும் அச்சொல், பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியில் பிறந்தது. அதையும் ஆங்கிலத்திற்குக் கொண்டு சேர்த்தவர்கள் போர்ச்சுகீசியரே. மலாய் மொழியில் முந்திரிக்கு வழங்கும் ‘காஜூஸ்’ என்ற பெயரும் அந்த வழியில் வந்ததே.