வாலாட்டும் நாய் கடிக்காதா?



"வாலாட்டுது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிப் பிள்ளைகளை நாயின் அருகே விடுவது எங்களில் பலருக்குப் பழக்கம். ஆனால் வாலாட்டம் சொல்வது நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். எசமானைக் கண்டபோது வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. முன்பின் அறியாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாக ஆடியது. இரண்டுமே வாலாட்டம்தான்! வீதியில் நின்று வலமா இடமா என்று அளக்க எவராலும் முடியாது என்பது வேறு கதை.

ஆகவே முழு உடம்பையும் பாருங்கள். உடம்பு தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து ஆடினால் நட்பு. முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் விளையாட்டுக்கு அழைப்பு. உடம்பு விறைத்து, நிமிர்ந்த வாலின் நுனி விரைவாகத் துடித்தால் கிட்டப் போகாதீர்கள்.

ஊரிலே நாய்க்கு ஓடித் தப்ப ஒழுங்கை இருந்தது. குனிந்து கல்லெடுப்பதுபோல் காட்டினால் போதும், தூரப் போய்விடும். ரொறன்ரோவில், அவிழ்த்துவிட ஒதுக்கிய பூங்காப் பகுதிகள் தவிர்ந்த பொது இடங்களில், 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பது மாநகர விதி. நல்ல விதிதான். ஆனால் வாரில் நிற்கும் நாய் பயந்தால் விலகிப் போக வழியில்லை. தொடர்மாடியின் எலிவேற்றருக்குள் இன்னும் நெருக்கடி. அங்கே குனிவதும், கண்ணை உற்றுப் பார்ப்பதும், கத்துவதும் அதற்கு மிரட்டலாகவே படும்.

பயந்த நாய் முதலில் மெதுவாகத்தான் சொல்லும். நித்திரையில்லாமலே கொட்டாவி விடும். தின்ன எதுவும் இல்லாதபோதும் மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்க்கும். அப்போது வெண்விழி பிறைபோலத் தெரியும். பேரப்பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது வீட்டு நாய் இப்படிச் செய்தால், பிள்ளையை மெல்ல விலக்குங்கள். கவனிக்காமல் விட்டால் அது அசையாமல் உறைந்து நிற்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடிக்க வேண்டாம். அடிவாங்கி உறுமலை விட்ட நாய், எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

எலிவேற்றரில் நாய் நின்றால் அடுத்ததில் போவதில் வெட்கமில்லை. உள்ளே அகப்பட்டுவிட்டால், கைகளை உடம்போடு வைத்து, பக்கவாட்டாகத் திரும்பிப் பேசாமல் நில்லுங்கள்.

கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அவசியம். மாநகருக்கு முறையிட 311ஐ அழைக்கலாம். ஒன்ராறியோவில் மருத்துவர் இதைப் பொதுச் சுகாதாரப் பகுதிக்கு அறிவிப்பார். அவர்கள் விசர்நோய்க்காக நாயை 10 நாட்கள் கண்காணிப்பில் வைப்பார்கள். அயலவர்தானே என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். எந்த நாய் என்று தெரியாமற் போனால், விசர்நோய்த் தடுப்பூசிகளைக் கடிபட்டவரே போட்டுக்கொள்ள வேண்டி வரலாம்.