காற்றோடு ஒரு சாலை, எடையோடு ஒரு சாலை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். திருவான்மியூரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இ.சி.ஆர்) தெற்கே 33 கிலோமீட்டர் மிதித்தாலும் மீட்டரில் அதே எண்தான் விழும். ஆனால் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மற்றதற்கு ஒரு மணியும் சில நிமிடங்களும் போதும். இத்தனைக்கும் ஓட்டுபவர் இரண்டிலும் ஒரே அளவு சக்தியைத்தான் பெடலில் செலுத்துகிறார். சைக்கிள்காரரிடம் “எத்தனை கிலோமீட்டர் போனீர்கள்?” என்று கேட்பது வீண் கேள்வி என்பது என் கட்சி. எதை எதிர்த்துப் போனீர்கள் என்று கேட்கலாம்.

கணக்குக்காக ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து 150 வாட் மிதிக்கிறார். நன்கு பழகியவர், ஆனால் பந்தயக்காரர் அல்ல. சமதளத்தில், காற்று அசையாத நேரத்தில் இவர் மணிக்கு 30 கிலோமீட்டர் போவார். அந்த 150 வாட்டில் முக்காலுக்கும் மேல் முகத்துக்கு நேரே இருக்கும் காற்றை விலக்கவே செலவாகிறது. டயர் உருள்வதற்குச் சுமார் 33 வாட். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், காற்றுக்குத் தரவேண்டிய கூலி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இ.சி.ஆரில் ஓட்டுபவர்கள் குனிந்தே ஓட்டுவதும், ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி வரிசையாகப் போவதும் இதனால்தான்.

இனி மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசட்டும். கொடி மெல்ல அசையும் அளவுக்கான காற்றுதான். அதே 150 வாட்டுக்கு வேகம் 24 ஆக இறங்கிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் 36ஐத் தாண்டும். போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. காற்றே இல்லாத நாளைவிட நான்கைந்து நிமிடம் அதிகமாகத்தான் ஆகும், ஏனென்றால் மெதுவாகப் போகும் பாதியில்தான் நாம் அதிக நேரம் சிக்கிக் கிடக்கிறோம். எதிரே வந்து பறித்ததைக் காற்று ஒருநாளும் முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும்; அதனால் பகல் ஏறும்போது கடலிலிருந்து காற்று கரைக்கு வரும். கோடையில் சென்னைக் கரையோரம் இது பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசுவதால், மாமல்லபுரம் நோக்கிப் போகிறவருக்கு முகத்திலும், திரும்புகிறவருக்கு முதுகிலும் படும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தலைகீழ்: போகும்போது இனாமாக வந்த வேகத்தை, களைத்துத் திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும்.

மலைக்கு வருவோம். கோத்தகிரிச் சாலை சுமார் 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர். நம் ஆள் அதே 150 வாட்டை மிதித்தாலும் வேகம் 13தான். அந்த வேகத்தில் காற்றுக்குப் போவது பத்து வாட்டுக்கும் குறைவு. குனிந்து ஓட்டினாலும் நிமிர்ந்து ஓட்டினாலும் ஒன்றுதான். ஏறத்தாழ எல்லாமே 80 கிலோவைத் தூக்குவதற்குப் போகிறது. எடையில் ஒரு கிலோ குறைத்தால் இரண்டரை மணிப் பயணத்தில் இரண்டு நிமிடம்கூட மிச்சமாகாது. அந்த ஒரு கிலோவுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டி மாற்றுகிறவர்கள் உண்டு; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஆசைக்குக் கணக்கு ஏது? ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோதானே என்று பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஏறக்கூடாது.

ஏனென்றால் வெப்பமண்டல மலையில் காலுக்கு முன்னால் கைவிரிப்பது உடம்பின் குளிரூட்டும் ஏற்பாடு. தசை நாம் தின்றதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. பெடலில் 150 வாட் வரவேண்டுமானால் உடம்புக்குள் 500 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். அதை வெளியேற்றப் பெரும்பாலும் வியர்வை ஒன்றுதான் வழி. மணிக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பது முக்கியம். மூக்கு நுனியில் சொட்டித் தரையில் விழும் வியர்வை எந்தச் சூட்டையும் எடுத்துப் போவதில்லை.

கடற்கரையில் ஈரப்பதம் அதிகம். அதுவும் நாம் நல்ல நேரம் என்று நம்பும் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆனாலும் 30 கிலோமீட்டர் வேகம் தரும் காற்று உடம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. மலையில் அதே 500 வாட் சூடு, காற்றோ பாதிக்கும் குறைவு. மேலே போகப் போகக் குளிரும்தான். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறு டிகிரி அளவில் குறையும். ஆனால் மேட்டுப்பாளையத்தை விட்டு ஏறத் தொடங்கும் முதல் எட்டுப் பத்துக் கிலோமீட்டரில் உயரம் தரும் குளிர்ச்சியும் இல்லை, வேகம் தரும் காற்றும் இல்லை. பின்காற்று மெல்ல வீசினால் இன்னும் மோசம்: நாமும் அதுவும் ஒரே வேகத்தில் போக, தோலைச் சுற்றி அசையாத ஈரக்காற்று நிற்கும். புதியவர்கள் உச்சியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அடிவாரத்துக்கு.

வியர்வையோடு உப்பும் போகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம். ஆளுக்கு ஆள் மாறும். வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலியும் குமட்டலும் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. இ.சி.ஆர் ஓரத்து இளநீர் தாகத்துக்கு நல்லது, ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம். உப்புப் போட்ட நீர்மோர்தான் என் ஓட்டைப் பெறும். உடம்பும் பழகிக்கொள்ளும்: இரண்டு வாரம் வெயிலில் ஓட்டினால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலைக்கு 70, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஏறும் உயரம் ஒன்றே, ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. ஆகவே அங்கே செங்குத்து. இடப்பக்கமாகப் போகும் நம் நாட்டில், ஏறுகிறவருக்கு இடது வளைவுகள் எல்லாம் தண்டனை, வலது வளைவுகள் எல்லாம் சலுகை. கல்லட்டியில் பல இடங்களில் நூறு மீட்டருக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஏற்றம். நம் ஆளின் வேகம் அங்கே ஆறு ஆறரைக்கு வந்துவிடும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் பெடலின் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு இருபது சுற்று. அப்படி மிதிக்க எந்த முழங்காலும் சம்மதிக்காது.

2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணத்தில் பேர்போன ஏற்றம் இதே கல்லட்டிதான். இறங்குவதற்கோ இது வேறு சாலை. பத்துக்கு ஒன்று சரிவில் வேகத்தை 30இல் பிடித்து வைத்தால், பிரேக்குகள் விடாமல் 500 வாட் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதி. ரிம்மைக் கவ்வும் பிரேக்கானால் அந்தச் சூடு டியூபுக்குப் போய் வெடிக்கவும் கூடும். பயந்து பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது இதற்கு மருந்தல்ல. மெதுவாக இறங்கினால் காற்று நமக்காக எதையும் பிடித்து நிறுத்தாது, மொத்தச் சூடும் பிரேக்குக்கே. நேரான துண்டில் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, திரும்பும்போது விட்டுவிட வேண்டும். நடுநடுவே நின்று ரிம் ஆறும்வரை காத்திருக்கலாம். நனைந்த சட்டையோடு மலைக்குளிரில் இறங்கினால் விரல் மரத்துப் பிரேக்கே பிடிக்க வராது. அந்தக் கால ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள்.