‘பிளொக்பஸ்டர்’ என்னும் சொல் எங்கே பிறந்தது?

புதுப்படம் ஒன்று நன்றாக ஓடினால் ‘பிளொக்பஸ்டர்’ என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தொலைக்காட்சியிலும் அதே பேச்சு. வீட்டில் பிள்ளைகளின் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டது. வசூலை அள்ளிய படம் என்று நாமும் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் சகோதரிகளே, அந்தச் சொல் பிறந்தது திரையரங்கில் அல்ல. அது ஒரு குண்டின் பெயர்.

நான்கு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த கட்டடத் தொகுதியை ஆங்கிலத்தில் ‘பிளொக்’ என்பார்கள். அப்படியொரு தொகுதியையே தகர்க்கவல்லது என்பதுதான் இப்பெயரின் பொருள். டிக்கெட் வாங்க நின்றவர்களின் வரிசை தெருவைச் சுற்றி நீண்டதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. அது பின்னாளில் கட்டப்பட்ட கதை.

இரண்டாம் உலகப் போரில், 1941ஆம் ஆண்டு முதல், பிரித்தானிய விமானப்படை 4,000 இறாத்தல், அதாவது சுமார் 1,800 கிலோ எடையுள்ள குண்டுகளை ஜேர்மனிய நகரங்கள் மீது வீசியது. மெல்லிய இரும்புக் கூடு. உள்ளே முக்கால் பங்கு வெடிமருந்து. விமானிகள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘குக்கி’. அது ஒரு பிஸ்கட்டின் பெயர்! 1942இல் பத்திரிகைகள் ‘பிளொக்பஸ்டர்’ என்று எழுதத் தொடங்கின. அக்குண்டின் அதிர்ச்சியில் கூரைகளும் கதவு யன்னல்களும் பறந்துவிடும். திறந்து கிடக்கும் வீடுகளுக்குள் அடுத்து எரிகுண்டுகள் விழும். 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகரம் இவ்வாறு தீப்பற்றியபோது 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் அவர்களில் அடங்குவர்.

அதே 1943இல் அமெரிக்காவில் ‘பொம்பார்டியர்’ என்ற திரைப்படம் வெளியானது. குண்டுவீச்சு விமானிகளைப் பற்றிய அப்படத்தின் விளம்பரத்திலே இச்சொல் புகழுரையாக இடம்பெற்றது. அமெரிக்க நகரங்கள் மீது அந்தக் குண்டு விழுந்ததில்லை. அதன் சத்தத்தைக் கேளாதவர்களுக்கு அது விறுவிறுப்பான சொல்லாக இருந்தது. 1950களில் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டுப் பெரும் வசூல் தந்த படங்களுக்கு அது வழக்கமான பெயராயிற்று. 1975இல் வந்த ‘ஜோஸ்’ என்ற சுறாமீன் படத்துக்குப் பின் உலகமெங்கும் பரவியது. குண்டை எல்லோரும் மறந்தார்கள்.

மண் மறக்கவில்லை. 2017 செப்டெம்பரில் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது, வெடிக்காத 1,800 கிலோ குண்டு ஒன்று அகப்பட்டது. அதைச் செயலிழக்கச் செய்வதற்காக 60,000க்கும் மேற்பட்ட மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மருத்துவமனைகளில் இருந்த நோயாளர்களும் இடம்மாற்றப்பட்டார்கள். போர் முடிந்து 72 ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்த நிலை!

பதுங்குகுழியில் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு குண்டுச் சத்தத்தை எண்ணிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டாம். படம் பார்க்கட்டும், சிரிக்கட்டும். ஆனால் ஒருநாள் அருகில் இருத்தி, அது எதன் பெயர் என்று சொல்லிக்கொடுங்கள். அந்தக் குண்டின் கீழே இருந்தவர்களும் நம்மைப் போன்ற தாய்மாரே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.