பழைய கார் 'மிஸ்ஸிங்' அடிக்குதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

ஆரணியில் இருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவைக் கட்டுகளோடு கிளம்பும் பழைய மாருதி 800, ஐடிலில் நின்றாலே குலுங்குதா? பிக்கப்பும் இல்லையா? "இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று உடனே பயப்பட வேண்டாம்.

ஏன் இந்த உதறல்?

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-ல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். ஒரு சிலிண்டர் எரியாமல் போனாலே மூன்றில் ஒரு பங்கு சக்தி காலி.

எந்த சிலிண்டர்?

கார்புரேட்டர் மாடலில், ஐடிலில் ஓடவிட்டு பிளக் வயரை ஒவ்வொன்றாக மெக்கானிக் கழற்றுவார். நல்ல சிலிண்டர் என்றால் உதறல் கூடும். எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ, அதுதான் படுத்த சிலிண்டர். ஷாக் அடிக்கும், நீங்களே செய்யாதீங்க. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களில் இந்த முறை வேண்டாம்.

பிளக் சொல்லும் சேதி

* காய்ந்த கரி: பெட்ரோல் அதிகமாகப் போகிறது.
* எண்ணெய்ப் பசை: ஆயில் உள்ளே இறங்குகிறது.
* பெட்ரோலில் நனைந்திருந்தால்: பெரும்பாலும் ஸ்பார்க் இல்லை.

அடுத்து என்ன?

அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்க. கோளாறும் கூடவே போனால் பிளக்தான் காரணம். போகலையா? வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைப் பாருங்க. மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், கேப்பில் ஈரம் இறங்கியிருக்கலாம். எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். அதில் குறை தெரிந்தால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சே.

அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு, இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.